சாரல் ஓயும் முன்

ஒன்று முடியப்போகிறது என்று தெரிந்த பிறகு அதை அனுபவிப்பது எளிதா, கடினமா? கேட்பதற்குச் சிறு கேள்விபோல் தோன்றும். ஆனால் ஊருக்குப் போவதும் ஊரிலிருந்து திரும்புவதுமாகவே காலத்தை அளந்து வந்த நம்மவர்க்கு இது சிறு கேள்வியன்று. சரக்கு வந்ததைப் பேசுகிறோம். வாடகை ஏறியதைப் பேசுகிறோம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்ததைப் பேசுகிறோம். ஊரில் கழித்த விடுமுறையின் கடைசிப் பத்து நாட்களைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பத்து நாட்களை நாம் என்ன செய்கிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

குளிர் நாட்டாருக்கு இயற்கையே ஓர் அறிவிப்புக் கொடுக்கிறது. லண்டனில் ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்குப் பிறகு மறைகிற சூரியன், டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. ஆகஸ்ட் கடைசியில் பொழுது சுருங்குவது கண்ணுக்கே தெரியும். அதனால்தான் அந்நாட்டார் அந்த வாரங்களில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து உட்காருகிறார்கள். அவர்கள் நம்மைவிட ஞானிகள் என்பதல்ல. இலை மஞ்சளாகிவிட்டால் யாருக்கும் புரியும்.

நாம் வாழும் இந்நாடுகளிலோ அப்படியோர் அறிவிப்பு வருவதில்லை. சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் 10 நிமிஷத்துக்கும் குறைவு. தொழுகை நேர அட்டவணையைப் பார்த்தால் மஃரிபு ஆண்டு முழுவதற்கும் சுமார் அரைமணி நேரத்துக்குள்தான் முன்பின்னாக நகர்கிறது. துரியன் குவிந்து கிடந்து விலை இறங்கும்போதும், பிறகு கூடைகள் காலியாகும்போதும் மட்டும் ஏதோ ஒரு காலம் வந்து போயிற்று என்று தெரிகிறது. மற்றபடி ஜனவரியும் ஜூலையும் ஒரே வெயில், ஒரே மழை. காலை கடை திறக்கிறோம், இரவு அடைக்கிறோம். அதையும் அடைக்காத உணவுக்கடைகள் உண்டு. இருபது வருஷம் இப்படிப் போய்விட்டது என்பதைப் பாஸ்போர்ட்டுப் புகைப்படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

தமிழ் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாக வகுத்தனர். அந்த ஆறில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. அச்சொல் பிற்காலத்தில் மேல்நாட்டுப் பருவத்தைக் குறிக்க நாம் ஆக்கிக்கொண்டது. நம் கணக்கில் ஆனியும் ஆடியும் முதுவேனில். அது முடிந்தால் ஆவணி, புரட்டாசி, அது கார். வேனிலைப் பிரிவுக்குரிய பாலைக்கும், காரைக் காத்திருத்தலுக்குரிய முல்லைக்கும் தொல்காப்பியர் வைத்தார். பொருள் தேடிப் போனவன் கார் வருமுன் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போவதும், முகில் கூடியதும் வீட்டிலிருப்பவள் வாசலைப் பார்ப்பதும் சங்கப் பாட்டில் பழகிய செய்தி. ஆகவே கோடை முடிந்து அடுத்த பருவம் தொடங்கும் அந்தச் சந்தி, தமிழனுக்குப் பூத்தோட்டத்தில் உட்காரும் நேரம் மாத்திரமல்ல. கொடுத்த வாக்கின் தவணை நாளும் அதுவே. வியாபாரிகளாகிய நமக்குத் தவணை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்து வாசகர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். மற்ற ஊர்களில் முதுவேனில் என்றால் புழுதியும் அனல் காற்றும். அவர்களுக்கோ அது சாரல் காலம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து, மலையின் இந்தப் பக்கத்திலும் தூவிவிட்டுப் போகிறது. ஒரே முற்றத்தில் வெயிலும் தூறலும். கொடியில் போட்ட கைலி மாலைவரை காயாது. தட்டட்டியில் நின்றால் மேற்கே மலை பாதிதான் தெரியும், மீதி மேகம். குற்றாலத்தில் பொங்குமாங்கடல் நிரம்பித் தண்ணீர் எகிறி விழும். அங்கே வழியோரக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் விற்பதைப் பார்க்கிற மலாயாக்காரர், ஊருக்கு வந்தும் இதுதானா என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே விலை கேட்பார். நெசவு நொடித்த காலத்தில் தறியை விட்டுக் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். மற்ற ஊரார் பெரும்பாலும் தனி ஆளாக வந்த நாளிலேயே கடையநல்லூரார் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வந்து குடியேறினார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த வகையில் அவர்கள் புத்திசாலிகள்.

ஆவணி பிறந்தால் காற்றின் வேகம் தணியும். அருவி மெலிந்து, பாறையின் மேல் சில வெள்ளைக் கோடுகளாகும். புரட்டாசியில் மறுபடியும் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் பலருக்கு ஊரில் மிஞ்சிய நாட்கள் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். முன்னாளில் 35 வருஷம் சபர் செய்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் நான்கு மாதம் தங்கினார் என்று வைப்போம். அந்நாளில் அதுவே தாராளம். 11 பயணம், ஆக 44 மாதம். முப்பத்தைந்து வருஷ இல்லற வாழ்க்கையில் மனைவி மக்களோடு இருந்தது 3 வருஷம் 8 மாதம். அதிலும் முதல் மாதம் விருந்துக்கும், துக்கம் கேட்பதற்கும், கடன் கேட்டு வருபவர்களுக்கும் போகும். கடைசி மாதம் பெட்டி கட்டுவதிலும் டிக்கட்டு விசாரிப்பதிலும் போகும். மிஞ்சியது 22 மாதம். நம் வாப்பாமார்களில், அத்தாமார்களில் எத்தனை பேருடைய பேரேடு இப்படி! அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் வீடு எழும்பிற்று, தங்கச்சிமார் கரை சேர்ந்தார்கள், நாம் பள்ளிக்கூடம் போனோம். எனினும் ஐந்தொகை போடும்போது ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது நேர்மையான கணக்காகாது.

அந்தக் கடைசி நாட்களை மனிதர்கள் இரண்டு விதமாக வீணாக்குகிறார்கள். ஒருவர் எண்ணிக்கொண்டே இருப்பார். இன்னும் பத்து நாள், இன்னும் ஒன்பது நாள் என்று காலைப் பசியாறலோடு ஆரம்பிப்பார். பிள்ளையைத் தூக்கினாலும் பெருமூச்சு. மீன் ஆணம் நன்றாயிருந்தாலும் பெருமூச்சு. புறப்படுமுன்பே அவர் போய்விடுகிறார். வீட்டில் இருப்பது அவருடைய துக்கம் மட்டும். இன்னொருவர் நேர்மாறு. பயண நாளைப் பற்றி யாராவது பேசினால் பேச்சை மாற்றுவார். புறப்படும் நாள் வந்து நின்றதும் திடுக்கிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும், உம்மாவின் மருந்துச் சீட்டைப் பார்க்காமலும், மகன் ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று விசாரிக்காமலும் வண்டி ஏறுவார். முதலாமவர் முடிவை மட்டுமே பார்த்தார். இரண்டாமவர் அதைப் பார்க்கவே மறுத்தார். நஷ்டம் இருவருக்கும் ஒன்றே.

இதற்கு நடுவே ஒரு வழி உண்டா? உண்டென்றே நாம் கருதுகிறோம். அதை ஏட்டில் தேட வேண்டாம், பசாரிலேயே பார்க்கலாம். துணிக்கடைக்காரர் இந்த வருஷம் விற்காத பட்டை அடுத்த பெருநாளுக்கு எடுத்து வைப்பார். விலை சற்றுக் குறையும், அவ்வளவுதான். கீரை விற்பவருக்கு அந்த வசதி கிடையாது. இன்று பகலுக்குள் கீரை கைமாற வேண்டும். அதற்காக அவர் கீரையைப் பார்த்து அழுதுகொண்டிருப்பதில்லை. மற்ற வியாபாரியைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறார்; தண்ணீர் தெளிக்கிறார், கூவுகிறார், வாடிக்கைக்காரரைப் பேர் சொல்லி அழைக்கிறார். வாடிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருப்பதால்தான் கை ஓடுகிறது. நாமோ வீட்டாரோடு கழிக்கும் நாட்களைப் பட்டுத்துணி என்று எண்ணி அலமாரியில் அடுக்குகிறோம். கடை நிலைக்கட்டும், கடன் அடையட்டும், மகன் தலையெடுக்கட்டும், பிறகு எடுத்து விரிக்கலாம் என்கிறோம். விரிக்கும்போது அது கீரை என்று தெரிகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். துன்யா நிலையற்றது, நிலையற்றதைச் சுவைத்து உட்கார்ந்திருப்பது தகுமா, அது பற்றை அல்லவா வளர்க்கும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் நிலையற்றது என்பதால் அலட்சியம் செய்யலாம் என்ற முடிவுக்கு எப்படி வந்தோம்? புகாரியில் பதிவான ஒரு ஹதீஸில், உடல்நலம், ஓய்வு என்ற இரண்டு அருட்கொடைகளில் மனிதரில் அநேகர் நஷ்டமடைகிறார்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைக் கேட்டிருக்கிறோம். அங்கே ஆளப்பட்ட அரபுச் சொல் சந்தைச் சொல். கொடுக்கல் வாங்கலில் ஏமாந்து, உள்ள மதிப்புக்குக் குறைவாகப் பொருளைக் கைவிட்டவனின் நஷ்டத்தைக் குறிப்பது. ஓய்வு கிடைக்காதவனை அது குறிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிடைத்தும், அதன் விலை தெரியாமல் போனவனையே குறிக்கிறது. ஒரு பொருளின் மதிப்பை அறிவது பற்று என்றால், வியாபாரிகள் நாம் எல்லோருமே கெட்டோம்!

குறைஷியரின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் திருமறையின் 106-ஆவது அத்தியாயம் குறிப்பிடுகிறது. குளிரில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் அவர்கள் வணிகக் கூட்டம் போயிற்று என்பர் விரிவுரையாளர்கள். அந்த வியாபாரத்தில் ஒரு நன்மை இருந்தது. அவர்களை வெளியே அனுப்பிய பருவமே வீட்டுக்கும் அனுப்பிவிடும். பாய்மரக் கப்பலில் இப்பக்கம் வந்த நம் முன்னோருக்கும் அப்படியே. காற்றுத் திரும்பினால் கப்பல் திரும்ப வேண்டும், தங்கினால் அடுத்த காற்றுவரை சிறை. நீராவி வந்தது, பிறகு விமானம் வந்தது. இன்று எந்தக் காற்றும் நம்மைப் பார்த்து ஊருக்குப் போ என்று சொல்வதில்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று ஆனதும், பலர் எப்போதும் போகாதவர்களாகிவிட்டார்கள். காற்று செய்துவந்த முடிவை இப்போது நாமே செய்ய வேண்டியிருக்கிறது. அதுதான் கஷ்டம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தியும் நினைவுக்கு வருகிறது. இரவில் மதீனத்துத் தெருவில் நடந்தபோது, கணவன் போருக்குப் போன ஒரு பெண்ணின் ஏக்கக் குரலைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எவ்வளவு காலம் தாங்குவாள் என்று விசாரித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அதற்குமேல் படைவீரரை நிறுத்தி வைக்கலாகாது என்று உத்தரவு பிறந்தது. நாட்டின் எல்லையைக் காப்பவனுக்கே அந்தச் சட்டம் என்றால், மல்லி மிளகாய் விற்கிறவனுக்கு மூன்று வருஷம் எங்கிருந்து வந்தது?

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை ஆண்களின் கட்டுரையாகிவிடும். விடுமுறை நமக்கு, வீட்டிலிருப்பவளுக்கு எது விடுமுறை? இரண்டரை வருஷம் வாடகையும் வழக்கும் வைத்தியமும் அவள் தனியே நின்று பார்த்தாள். கணவர் வந்ததும் தார்சாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மின்சாரக் கட்டணம் ஏன் இவ்வளவு என்று கேட்கிறார். நாளுக்கொரு விருந்து, வேளைக்கொரு காப்பி. அவர் சாரலை ரசிக்கிறார்; அவள் அடுக்களையில் ஈர விறகோடு போராடிய காலம் ஒன்று இருந்தது, இப்போது எரிவாயு வந்தும் பாத்திரம் குறையவில்லை. நாம் ஊருக்கு வந்திருக்கிறோம் என்பதற்காக வீடு முழுதும் நமக்குத் திருநாள் கொண்டாட வேண்டும் என்று எதிர்பார்ப்பது சுவைத்தல் ஆகாது, தின்று தீர்த்தல் ஆகும். பிள்ளையின் கணக்குப் பாடத்தில் ஒரு மணி நேரம், உம்மாவின் பழைய கதையை நாலாவது முறையும் குறுக்கிடாமல் கேட்பது, மனைவி சொல்லும் அண்டை வீட்டு வம்பைச் செய்திப் பத்திரிகைபோல் கவனித்துக் கேட்பது: இவற்றுக்குச் செலவு இல்லை, பாத்திரமும் விழுவதில்லை.

காலம் மாறிவிட்டதே, இந்தப் புலம்பல் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். மாறியது மெய்தான். 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் 1970-களின் தொடக்கம்வரை நம்மவரைச் சுமந்தது. வழி ஒரு வாரம். அதன் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியும் ஓய்ந்தது. இன்று சிங்கப்பூரில் ஏறினால் 4 மணி நேரத்தில் திருச்சி. தினமும் முகம் பார்த்துப் பேசக் கையிலேயே கருவி. பிரிவு பாதி குறைந்துவிட்டது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. ரஜூலாவில் வந்து இறங்கியவர் இறங்கிவிட்டார். கடையில் என்ன நடக்கிறது என்பது கடிதம் வந்தால்தான் தெரியும். அதுவரை அவர் வீட்டு மனிதர். இன்றைக்கு ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் கையில் கடையே இருக்கிறது. கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டிய கண்காணிப்புக் கேமரா வழியாக, பையன் தொப்பி போட்டிருக்கிறானா, மேசை துடைத்தானா என்று தென்காசியிலிருந்து பார்க்கிறார். மகள் வந்து மடியில் உட்காருகிறாள். இரு, இரு என்கிறார். முன்னே உடம்பு கடையில், மனம் வீட்டில். இப்போது உடம்பு வீட்டில், மனம் கடையில். முன்னதற்காவது வறுமை என்ற காரணம் இருந்தது.

குடும்பத்தோடு இங்கேயே நிலைத்துவிட்டவர்கள் இதெல்லாம் நமக்கல்ல என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 1953-இல் குடிநுழைவுச் சட்டம் கடுமையான பிறகு எந்தக் கரையில் நிற்பது என்று பல குடும்பங்கள் முடிவு செய்ய நேர்ந்தது. அப்படி நின்றவர்களின் பிள்ளைகளுக்கு ஊர் என்றால் இந்த ஊர்தான். அவர்களுக்குச் சாரலும் இல்லை, புரட்டாசியும் இல்லை. ஆனால் மரத்தில் தெரியாத பருவம் வீட்டுக்குள் மாறிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை இருக்கிறது. பதினெட்டு வயதை ஒட்டிப் பையன் முடி வெட்டிக்கொண்டு முகாமுக்குப் போகிறான். அதற்கு முந்தைய விடுமுறைதான் அவன் பிள்ளையாக வீட்டில் இருந்த கடைசி விடுமுறை. இதை எத்தனை வாப்பாமார் அப்போது அறிந்திருந்தார்கள்? மலேசியாவில் மகள் பல்கலைக்கழக விடுதிக்குப் போகிறாள். அவள் அறையில் மறுநாள் மின்விசிறி ஓடாது. உம்மா ஒரு நாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். முந்தின வருஷம் பிடிக்கவில்லை. மஞ்சள் இலை என்று நாம் வேறெதைத் தேடுகிறோம்?

கடையை யார் பார்ப்பது என்ற கேள்வி உடனே வரும். அதை அலட்சியமாகத் தள்ள நாம் விரும்பவில்லை. ஒற்றை ஆளாக ஒட்டுக்கடை நடத்துபவருக்கு ஒரு வாரம் அடைத்தால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும். வேலைக்கு ஆள் கிடைப்பது வரவர அரிதாகிறது. வாடகைக்கு விடுமுறை கிடையாது. குடும்பம் முக்கியம் என்று மேடையில் பேசுவது சுலபம். மாதம் பிறந்தால் ரசீதோடு நிற்பவரிடம் அதைச் சொல்ல முடியாது. எவ்வளவு போதும் என்று அவரவர்தாம் தீர்மானிக்க வேண்டும். ஆனால் தீர்மானிக்காமலே விட்டால், போதும் என்ற அளவு ஆண்டுக்காண்டு தானே தள்ளிப்போகும் என்பதை மட்டும் கண்டிருக்கிறோம். முதல் கடைக்காக ஒத்திவைத்த பயணத்தை இரண்டாம் கடைக்காகவும் ஒத்திவைத்தவர்கள் நம்மிடையே பலர்.

பழைய கூட்டு வியாபாரங்களில் இதற்கு ஒரு முறை இருந்தது. கூட்டாளிகளில் ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் கடையில் இருப்பார். அவர் திரும்பியதும் இவர் புறப்படுவார். போகிறவர் இருப்பைச் சரிபார்த்துச் சாவியை ஒப்படைப்பார். பிறகு அவர் தலையிட மாட்டார், இருப்பவர் அவரைத் தொந்தரவு செய்ய மாட்டார். அந்த நம்பிக்கை இருந்ததால் சாவியோடு கவலையையும் கொடுத்துவிட்டுப் போக முடிந்தது. கூட்டுக்கடைகள் குறைந்துவிட்ட இந்நாளில் பக்கத்துக் கடைக்காரர்களுக்குள், மைத்துனன் மச்சான்களுக்குள், சங்கத்து உறுப்பினர்களுக்குள் அந்த முறையை ஏன் மறுபடி ஏற்படுத்தக் கூடாது? அடுத்த ஆனி, ஆடியில் யார் போவது, யார் இருப்பது, எவர் சாவி எவர் கையில் என்பதை இந்த மாதமே உட்கார்ந்து பேசலாம். பேசும்போது கேமராவை யார் பார்ப்பது என்பதையும் சேர்த்து முடிவு செய்துவிட வேண்டும். ஊருக்குப் போகிறவர் பார்க்கக் கூடாது.